கத்தியைத் தீட்டிவிட்டு வெங்காயத்தைத் தொடுங்கள்

ஆசிரியர் அவர்கட்கு,

வணக்கம். வார இறுதிப் பதிப்புகளின் மகளிர் பக்கங்களில், வெங்காயம் வெட்டும்போது கண் எரியாமலிருக்க வழி சொல்லும் துணுக்குகள் ஓயாமல் வந்துகொண்டிருக்கின்றன. பல்லுக்கிடையில் தீக்குச்சியைக் கடியுங்கள், வாய் நிறையத் தண்ணீர் வைத்திருங்கள், பாண் துண்டொன்றை உதட்டில் கவ்வுங்கள் என்கிறார்கள். கத்தியைப் பற்றி ஒரு வரியும் இல்லை. நாலு பேர் சாப்பிடும் வீட்டில் இது சின்ன விஷயமாகப் படலாம். திருமண மண்டபத்துச் சமையற்கட்டிலும், கொத்துரொட்டிக் கடையின் பின்புறத்திலும், அன்னதான மடத்திலும் விடியப்புறம் 20 கிலோ வெங்காயத்துக்கு முன்னால் குந்தியிருக்கும் பெண்களுக்கு இது நாளாந்த வேதனை. அவர்களை நினைத்தே இதை எழுதுகிறேன்.

முழு வெங்காயத்தைக் கையில் வைத்து மணிக்கணக்காய்ப் பார்த்துக்கொண்டிருந்தாலும் கண் எரியாது. எரிக்கிற பொருள் வெட்டுப்படும் கணத்தில்தான் உண்டாகிறது. வெங்காயத்தின் ஒவ்வொரு கலத்துக்குள்ளும் கந்தகம் சேர்ந்த அமினோ அமிலம் ஒரு பக்கமும், அல்லினேஸ் என்ற நொதியம் வேறோர் அறையிலும் ஒன்றையொன்று தொடாமல் இருக்கின்றன. கலம் கிழிந்தால் இரண்டும் கலந்துவிடும். அப்போது பிறக்கும் சல்பீனிக் அமிலத்தை இன்னொரு நொதியம் பிடித்து ஆவியாக மாற்றுகிறது. அந்த ஆவிதான் கண்ணுக்கு ஏறுகிறது. இந்த இரண்டாவது நொதியம் இருப்பதை ஜப்பானிய ஆய்வாளர்கள் 2002 இல்தான் கண்டுபிடித்தார்கள். அதுவரை அல்லினேஸ் ஒன்றே எல்லாவற்றையும் செய்கிறது என்று நம்பியிருந்தார்கள். உள்ளியிலும் அல்லினேஸ் உண்டு, மணமும் காரமும் உண்டு. ஆனால் அந்த இரண்டாவது நொதியம் அதில் இல்லை. எத்தனை பல் உள்ளி உரித்தாலும் கண்ணீர் வராததன் காரணம் அதுதான்.

ஆவி கண்மணியின் மேற்படலத்தைத் தொட்டதும் அங்குள்ள நரம்பு மூளைக்குச் சொல்ல, கழுவி விடுவதற்குக் கண்ணீர் சுரக்கிறது. வாய்க்கு இதில் வேலையே இல்லை. அதனால்தான் தீக்குச்சியும் பாணும் பயன் தருவதில்லை. அதைக் கடித்துக்கொண்டு வெட்டி எரிவு குறைந்தது என்பவர்கள், பெரும்பாலும் தலையைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்தபடி வெட்டியிருப்பார்கள். உதவியது அந்தத் தூரம்.

இப்படிப் பார்த்தால் கேள்வி ஒன்றாகச் சுருங்குகிறது: ஒரு வெங்காயத்தை வெட்டி முடிக்கையில் எத்தனை கலங்களைக் கிழித்தோம்? கூரான கத்தி தன் அலகு போகும் வழியில் உள்ள கலங்களை மட்டும் வெட்டிக்கொண்டு இறங்கும். மொட்டைக் கத்தி முதலில் அழுத்தும், இதழ் வளையும், அடியிலுள்ள கலங்கள் நசியும், அதன் பிறகே தோல் விட்டுக்கொடுக்கும். கோர்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2025 இல் இதை அதிவேகக் கமராவில் படம்பிடித்துக் காட்டினார்கள். மொட்டை அலகுக்குக் கீழே அழுக்கம் சேர்ந்து, தோல் பிரிந்ததும் சாறு நுண்துளிகளாகப் பீய்ச்சியடிக்கிறது. கூரான கத்தியால் ஆறுதலாக வெட்டும்போது துளிகளும் குறைவு, அவற்றின் வேகமும் குறைவு.

கமரா இல்லாமலும் இதைப் பார்க்கலாம். ஒரு வெங்காயத்தை வெட்டி முடித்துவிட்டு வெட்டுப்பலகையைப் பாருங்கள். பலகை ஏறக்குறையக் காய்ந்திருந்து, துண்டுகளின் ஓரம் கண்ணாடி வெட்டியது போல இருந்தால் கத்தி நல்லது. பால்நிறச் சாறு தேங்கி, துண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, அலகின் இரு பக்கமும் ஈரம் வழிந்தால் அந்த வெங்காயம் வெட்டுப்படவில்லை, நசிந்திருக்கிறது. காதும் சொல்லும். மொட்டைக் கத்தி ஒவ்வொரு இதழிலும் நறநறத்து இறங்கும். கூரானது பலகையைத் தொடும்போது மட்டுந்தான் சத்தம் போடும்.

எங்கள் பக்கத்தில் கத்தி மழுங்கினால் கிணற்றுக்கட்டிலோ சீமெந்துப் படியிலோ நாலு இழுவை இழுத்துவிட்டு வேலையைத் தொடங்குவது வழக்கம். தயவுசெய்து இதை விடுங்கள். சீமெந்து அலகில் கரடுமுரடான பற்களைத்தான் உண்டாக்கும். அந்தப் பற்கள் தேங்காய் மட்டையை அறுக்கலாம், வெங்காய இதழைப் பிய்த்துவிடும். கடைகளில் விலை குறைவாகக் கிடைக்கும் பல்லுக்கத்திக்கும் இதே குறை.

தீட்டுக்கல் ஒன்று வாங்கினால் வருடக்கணக்காய் இருக்கும். ஒரு பக்கம் கரடு, மறுபக்கம் மழமழப்பு உள்ள கல்லாகப் பாருங்கள். தண்ணீரில் 10 நிமிடம் ஊறவிட்டு, நகராமல் இருக்க ஈரத்துணியின் மேல் வையுங்கள். கத்தியைப் படுக்கவைத்து முதுகை மட்டும் உயர்த்த வேண்டும். அலகின் அகலம் 4 சென்ரிமீற்றர் என்றால், முதுகு கல்லிலிருந்து 1 சென்ரிமீற்றருக்குச் சற்றுக் கூடுதலாக உயர்ந்திருக்கட்டும். அது ஏறக்குறைய 15 பாகை. அந்தச் சாய்வை மாற்றாமல், பிடியடியிலிருந்து நுனி வரை அலகு முழுவதும் கல்லில் படும்படி கரட்டுப் பக்கத்தில் 15 தரம் இழுங்கள். பிறகு அலகின் மறுபக்கத்தை விரல் நுனியால் முதுகிலிருந்து ஓரத்தை நோக்கித் தடவிப் பாருங்கள். மெல்லிய பிசிர் ஒன்று தட்டுப்பட்டால் அந்தப் பக்கம் முடிந்தது. பிசிர் வராவிட்டால் ஓரம் இன்னும் கல்லைத் தொடவில்லை என்று அர்த்தம், தொடர்ந்து இழுங்கள். மற்றப் பக்கத்துக்கும் அப்படியே. கடைசியாக மழமழப்புப் பக்கத்தில் அழுத்தம் கொடுக்காமல், பக்கம் மாற்றி மாற்றிப் பத்துத் தரம் இழுத்தால் பிசிர் கழன்றுவிடும்.

பிசிரை எடுக்காமல் விடுவதுதான் பலர் செய்யும் பிழை. தீட்டியவுடன் கத்தி கூர்மையாகத்தான் இருக்கும். அரைக்கிலோ வெங்காயம் முடிவதற்குள் அந்தப் பிசிர் மடிந்து, பழைய மொட்டைக் கத்தியாகிவிடும். “தீட்டியும் பிரயோசனமில்லை” என்று கல்லை மூலையில் போட்டுவிடுகிறார்கள். இழுவையின் நடுவில் மணிக்கட்டைத் தூக்குவது இன்னொரு பிழை. ஓரம் வட்டமாகிப் போகும். கல் இல்லாத வீட்டில், பீங்கான் கோப்பையைக் கவிழ்த்தால் அடியில் பூச்சுப் படாத கரட்டு வளையம் தெரியும். அதில் பக்கத்துக்கு ஐந்தாறு இழுவை, அவசரத்துக்குப் போதும். தீட்டிய கத்தியைக் கழுவித் துடைக்காமல் வெங்காயத்தில் வைக்காதீர்கள், இரும்புத் தூள் சேரும். சோதித்துப் பார்க்கப் பழுத்த தக்காளி நல்லது. அழுத்தாமல் வைத்து இழுத்தாலே தோலில் இறங்க வேண்டும்.

இனி வெங்காயத்துக்கு வருவோம். பம்பாய் வெங்காயத்துக்கென்று எழுதப்பட்ட யோசனைகளை எங்கள் சின்ன வெங்காயத்துக்கு அப்படியே சொல்லிவிட முடியாது. வலிகாமத்துச் செம்மண்ணில் விளையும் வேதாளன் போன்ற இனங்களில் நீர் குறைவு, காரம் கூட. மண்ணிலும் பசளையிலும் கந்தகம் கூடினால் காரம் கூடும். வெயிலும் தண்ணீர்த் தட்டுப்பாடும் அதை இன்னும் ஏற்றும். அமெரிக்காவின் ஜோர்ஜியா மாநிலத்தில் விடாலியா என்ற வெங்காயம் இனிப்பாக இருப்பதற்கு அந்த மண்ணில் கந்தகம் குறைவாக இருப்பதே முக்கிய காரணம். எங்கள் சொதிக்கும் சம்பலுக்கும் ருசி தருவது இந்தக் காரம்தான். அதைக் குறைகூற மனம் வராது.

சின்ன வெங்காயத்தின் உண்மையான தொல்லை அதன் எண்ணிக்கை. ஒரு காய் 10 கிராம் என்று வைத்தால் ஒரு கிலோவில் 100 காய். தலை, வேர் என்று காய்க்கு இரண்டு வெட்டு விழுந்தால், அரியத் தொடங்குவதற்கு முன்பே 200 காயங்கள். அதனால் உரிக்கும் ஒழுங்குதான் முக்கியம். தலையையும் வேரையும் நறுக்கிவிட்டுத் தண்ணீரில் போடுவது எல்லாரும் செய்கிற முறை, அது தலைகீழானது. திறந்த வாயால் சாறு வெளியேறும், தண்ணீர் உள்ளே போகும். முழுக்காயாகவே தண்ணீரில் 15 முதல் 20 நிமிடம் ஊறவிடுங்கள். கை பொறுக்கும் சூட்டு நீரானால் 10 நிமிடம் போதும். சருகு நனைந்து இளகிவிடும். வடித்தெடுத்து, தலையை மெல்லியதாக நறுக்கி, அந்த வெட்டு வாயிலிருந்து சருகைக் கத்திக்கும் பெருவிரலுக்கும் இடையில் பிடித்து வேரை நோக்கி இழுத்தால் ஒரே இழுவையில் வந்துவிடும். வேரைக் கடைசியில், தாள் கனத்துக்கு மட்டும் சீவுங்கள். ஆழமாக அரிந்தால் எல்லா இதழ்களின் அடியும் ஒரேயடியாகத் திறந்துகொள்ளும். உரித்ததை மூடியுள்ள சட்டியில் போட்டுக்கொண்டே போக வேண்டும். முகத்துக்கு நேரே திறந்த தட்டில் குவித்து வைத்தால் கடைசிக் காய் உரிக்கும்வரை முதற்காயின் ஆவியைச் சுவாசிக்க வேண்டிவரும். சருகையும் வேரையும் இன்னொரு பாத்திரத்தில் சேர்த்து அவ்வப்போது வாழையடியில் கொண்டுபோய்க் கொட்டுங்கள்.

ஊறவைத்த வெங்காயத்தைத் தாளிதத்துக்குப் போடுமுன் துணியில் ஒற்றி எடுங்கள். ஈரத்தோடு போட்டால் எண்ணெய் தெறிக்கும், வெங்காயமும் பொன்னிறமாகாமல் அவிந்துபோகும். அரிந்த பிறகு தண்ணீரில் போட்டு வைப்பதையும் நான் ஏற்கமாட்டேன். எரிவு அடங்கும், அதோடு ருசியும் தண்ணீரோடு போய்விடும். பச்சடிக்குக் காரம் தணிய வேண்டுமென்றால் ஐந்து நிமிடம், அதற்கு மேல் வேண்டாம்.

பெரிய வெங்காயத்தில் வேரைத் தொடாமல் வெட்டுவது கைக்குப் பழகினால் பாதி வேலை முடிந்த மாதிரி. தலைப்பக்கத்தை அரை சென்ரிமீற்றர் நறுக்கி, அந்த வெட்டு முகத்தில் வெங்காயத்தை நிறுத்தி, வேரின் நடுவால் இரண்டாகப் பிளந்து, தோலை உரியுங்கள். ஒரு பாதியைக் கையில் எடுத்தால் மற்றப் பாதி வெட்டு முகம் கீழே இருக்கும்படி பலகையில் கவிழ்ந்து கிடக்கட்டும். கறிக்கு நீட்டாக அரிவதென்றால் தலையிலிருந்து வேரை நோக்கி, இதழின் நார் ஓடும் திசையிலேயே அரியுங்கள். குறுக்கே வளையமாக அரிவதைவிட இதில் கிழியும் கலங்கள் குறைவு. பொடியாக வேண்டுமென்றால் வேர்ப்பக்கம் ஒரு விரல் அகலம் விட்டு நீட்டு வெட்டுகளை முதலில் போட்டு, பிறகு குறுக்கே வெட்டிக்கொண்டு வாருங்கள். வேர் இதழ்களைப் பிடித்து வைத்திருப்பதால் அவை சறுக்காது. வெட்டிக் குவித்ததன் மேல் கத்தியைத் தாறுமாறாகக் கொத்தித் திரும்பத் திரும்பப் பொடியாக்குவது கண்ணுக்கு மிகக் கேடு. ஏற்கெனவே வெட்டுப்பட்ட துண்டுகள் எல்லாம் அதில் மறுபடியும் நசிகின்றன.

காற்றைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. ஆவி வெட்டுப்பலகைக்கு மேலே எழும்பி, போக வழியில்லாவிட்டால் முகத்தில்தான் தங்கும். குசினி மூலையில், சுவரைப் பார்த்தபடி வெட்டுவதைவிடப் பின் விறாந்தையில் காற்றுக்குப் பக்கவாட்டாக இருப்பது எத்தனையோ மேல். சோளகம் அடிக்கிற மாதங்களில் காற்று வரும் திசை எல்லாருக்கும் தெரியும். அது இடப்பக்கத்தால் வந்து வலப்பக்கத்தால் போகும்படி பலகையைப் போட்டுக்கொள்ளுங்கள். காற்றுக்கு முதுகு காட்டி இருந்தால் உடம்பு காற்றை மறைத்து, முகத்துக்கு முன்னால் ஆவி சுழன்று நிற்கும். மின்விசிறி வைப்பதானாலும் பக்கத்திலிருந்து, பலகைக்கு மேலாக யன்னலை நோக்கி வீசட்டும். எதிரே வைத்தால் ஆவியை நேரே கண்ணில் அடிக்கும். பலகை இடுப்புயரத்தில் இருப்பதும், தலையைக் குனியாமல் வெட்டுவதும் நல்லது. தரையில் குந்தியிருந்து முழங்காலுக்கு மேல் முகத்தைக் குனித்து வெட்டும்போது கண்ணுக்கும் வெங்காயத்துக்கும் ஒரு சாண்தான் இடைவெளி.

மற்ற உபாயங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். குளிரூட்டியில் அரை மணித்தியாலம் வைத்தெடுத்தால் நொதியம் மந்தமாகும், ஆவியும் குறைவாகவே எழும்பும். ஆனால் மொட்டைக் கத்தியை அது ஈடுசெய்யாது. நாட்கணக்கில் உள்ளே வைத்தால் ஈரம் பிடித்து அழுகும். கொதிநீரில் அரை நிமிடம் போட்டெடுத்தால் சருகோடு மேல் இதழின் நொதியமும் வெப்பத்தில் செயலிழக்கும். குழம்புக்குச் சரி, சம்பலுக்கு உதவாது. பலகையில் வினாகிரியோ தேசிப்புளியோ பூசுவதால் அதிகம் நடப்பதில்லை, புளி இதழுக்குள் போவதற்கு முன்பே ஆவி வெளியேறிவிடுகிறது. ஓடும் குழாய்நீருக்கடியில் வெட்டச் சொல்பவர்களுக்கு எங்கள் கிணறுகளின் நிலை தெரியாது. அதைவிட, வழுக்கும் வெங்காயமும் கூரான கத்தியும் ஈரக்கையும் சேர்ந்தால் விரல்தான் வெட்டுப்படும்.

அம்மியிலும் உரலிலும் நிலைமை வேறு. அங்கே நசிப்பதுதான் வேலை, ஆவி வரத்தான் செய்யும். அதனால் வரிசையை மாற்ற வேண்டும். இடிச்ச சம்பலுக்குப் பொரித்த செத்தல் மிளகாயையும் உப்பையும் முதலில் இடித்து, தேங்காய்ப்பூவைப் போட்டுச் சேர்த்து, வெங்காயத்தைக் கடைசியாகப் போட்டு நாலைந்து இடி. இதழ் பிளந்தால் போதும், கூழாக வேண்டியதில்லை. முதலிலேயே வெங்காயத்தைப் போட்டு மையாக இடிப்பவர்களுக்குக் கண்ணும் போகும், சம்பலும் தண்ணீர் விட்டுக் கசக்கும். மின் அரைப்பானில் அரைத்தால் நிறுத்தியவுடன் மூடியைத் திறக்காதீர்கள். இரண்டு நிமிடம் விட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு, மூடியை உங்களுக்கு எதிர்ப்பக்கமாகச் சரித்துத் திறவுங்கள்.

இவ்வளவும் செய்தாலும், ஒரே இருப்பில் பத்துக் கிலோ வெட்டுகிறவருக்குக் கண் எரியும். மண்டபங்களையும் சாப்பாட்டுக்கடைகளையும் நடத்துவோரிடம் கேட்பது அதனாலேயே. தீட்டுக்கல்லொன்றை வாங்கி வையுங்கள். காலையில் ஒருமுறையும், வெட்டு நீண்டால் நடுவில் ஒருமுறையும் கத்தியைத் தீட்ட நேரம் விடுங்கள். அதற்குப் போகும் பத்து நிமிடம் வெட்டின் வேகத்தில் திரும்பி வந்துவிடும். இடுப்புயர மேசையை யன்னலோரம் போடுங்கள். முகத்தோடு இறுக ஒட்டும் நீச்சல் கண்ணாடி ஒவ்வொருவருக்கும் தனித்தனியே கொடுங்கள். சாதாரண மூக்குக்கண்ணாடியின் பக்கவாட்டால் ஆவி புகும், இறுக்கமான கண்ணாடியில் புக வழியில்லை. ஒருவரையே தொடர்ந்து இருத்தாமல் அரை மணித்தியாலத்துக்கு ஒருமுறை கரட்டுக்கோ கோவாவுக்கோ மாற்றி விடுங்கள். இவற்றில் எதற்கும் பெரிய செலவில்லை. சமையற்கட்டில் நாட்கூலிக்கு வரும் பெண்கள் இதை வாய்விட்டுக் கேட்கமாட்டார்கள். கேட்காமலே கொடுக்க வேண்டியது இது.

உங்கள் பத்திரிகை அடுத்த முறை இந்தத் துணுக்கைப் போடும்போது, தீக்குச்சி இருந்த இடத்தில் தீட்டுக்கல்லைப் போட்டால் பேருதவியாக இருக்கும். எரிவு வந்துவிட்டால் என்ன செய்வதென்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வெங்காயச் சாறு பட்ட கையால் கண்ணைக் கசக்கக் கூடாது, சேலைத் தலைப்பாலும் துடைக்கக் கூடாது, அதிலும் சாறு இருக்கும். முதலில் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, பிறகு குளிர்ந்த சுத்தமான நீரைக் கண்ணில் தெளித்து, வெளிக்காற்றில் சிறிது நேரம் நின்றால் கண்ணீர் தன் வேலையை முடித்துவிடும். பார்வைக்கு இதனால் நிலையான கேடு இல்லை. ஆனால் கண்ணீர் வழியும்போது கத்தியைக் கீழே வைத்துவிடுங்கள். கண் மங்கியிருக்கையில் இன்னும் ஒரு வெங்காயந்தானே என்று தொடரும்போதுதான் விரல் வெட்டுப்படுகிறது.

இங்ஙனம்,
வாசகர் ஒருவர்,
இணுவில்.